ஆசியக் கோப்பை ஃபுட்பால்: பொங்கல் சமயத்தில் நடக்கிற போட்டியில் நாம் ஏன் இல்லை?

உலகக் கோப்பை வந்தால் நம் கடற்கரை ஊர்களில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ஃபிளக்ஸ் வைக்கிறோம். யூரோ கோப்பைக்கு ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறோம், கோப்பா அமெரிக்காவுக்கு விடியக்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காருகிறோம். நம் கண்டத்துக்கென்றே ஒரு கோப்பை இருக்கிறது, அது கொஞ்ச காலமாகச் சரியாகப் பொங்கலை ஒட்டி, சாயங்காலமும் ராத்திரியுமாக, தூக்கம் அதிகம் கெடாத நேரத்தில் நடக்கிறது. அதை மட்டும் யாரும் சீண்டுவதில்லை. ஆசியக் கோப்பை என்றதும் பாதிப் பேர் "அது அப்பவே முடிஞ்சிட்டே, பாகிஸ்தானை ஜெயிச்சோமே" என்று கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த போட்டி 2027 ஜனவரி 7-ஆம் தேதி சவூதி அரேபியாவில் தொடங்குகிறது. இந்தியா அதில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் "நம்மாளுகளுக்கு ஃபுட்பால் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1964-இல் இதே கோப்பையில் நாம் இரண்டாம் இடம் என்று சொன்னால், "அந்தக் காலத்து ஆட்கள் சிங்கம்லா" என்று உடனே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே பாதிதான் சரி. என்னைக் கேட்டால், இந்தக் கோப்பையின் எழுபது வருஷக் கதையில் பெரிய விஷயம் யார் ஆட வந்தார்கள், யார் வராமல் போனார்கள் என்பதுதான். நம்முடைய கதையும் அதற்குள்ளேயே கிடக்கிறது.

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1954-இல் மணிலாவில் உருவானது. இரண்டே வருஷத்தில், 1956-இல், ஹாங்காங்கில் முதல் போட்டி. யூரோ அப்போது பிறக்கவே இல்லை, அது 1960-இல்தான் வந்தது. ஆப்பிரிக்கக் கோப்பை 1957-இல். தென் அமெரிக்காக்காரர்கள் மட்டும் 1916-லேயே தொடங்கிவிட்டார்கள். அவர்களை விட்டால் கண்டக் கோப்பைகளில் மூத்தது நம்முடையதுதான். ஆனால் முதல் போட்டியில் ஆடியது நான்கே அணிகள்: ஹாங்காங், தென் கொரியா, இஸ்ரேல், தென் வியட்நாம். ஃபைனல் என்று தனியாகக் கிடையாது. எல்லாரும் எல்லாரோடும் ஒரு தடவை ஆட வேண்டும், அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கோப்பை. கொரியா ஜெயித்தது, 1960-இல் சொந்த மண்ணில் மறுபடி ஜெயித்தது. அதோடு சரி, இன்று வரை கொரியாவுக்கு இந்தக் கோப்பை திரும்பக் கிடைக்கவில்லை. 1972, 1980, 1988, 2015 என்று நான்கு ஃபைனலில் தோற்றிருக்கிறார்கள். 1960-இல் ஜெயித்த வீரர்களுக்குக் கொடுத்த தங்கப் பதக்கம் போலி என்று தெரிந்து அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்த சம்பவம் ஒன்று உண்டு. அந்தச் சாபம்தான் இன்னும் விடவில்லை என்று கொரிய ரசிகர்கள் சொல்வார்கள். சாபமோ என்னமோ, சோன் ஹியுங்-மின் போன்ற ஒருவரை வைத்துக்கொண்டும் 2024 அரையிறுதியில் ஜோர்டானிடம் 2-0 என்று விழுந்தார்கள்.

1956-இல் இந்தியா ஏன் போகவில்லை? ஆள் இல்லாமல் இல்லை. அதே வருஷம் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாம் நான்காம் இடம். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1962 ஜகார்த்தா ஃபைனலில் அதே கொரியாவை 2-1 என்று சாய்த்த அணியில் பீட்டர் தங்கராஜ் இருந்தார், சுனி கோஸ்வாமி இருந்தார், பி.கே. பானர்ஜி இருந்தார், பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். அந்தக் காலத்தில் நம்மவர்களுக்கு ஒலிம்பிக்கும் ஆசிய விளையாட்டும்தான் பெரிசு. ஆசியக் கோப்பை என்பது புதிதாக முளைத்த, நான்கு பேர் ஆடுகிற ஒரு சின்னப் போட்டி. அதற்கு அணி அனுப்பிச் செலவு செய்வானேன் என்ற நினைப்பு.

சரி, 1964-க்கு வருவோம். போட்டி இஸ்ரேலில். அரபு நாடுகளும் இன்னும் பலவும் இஸ்ரேலோடு ஆட மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டன. தகுதிச் சுற்றில் நம் பிரிவில் இருந்த மற்ற அணிகள் எல்லாம் விலகியதால், இந்தியா ஒரு மேட்ச்கூட ஆடாமலேயே பிரதான போட்டிக்குள் போய்விட்டது. இத்தனைக்கும் இந்தியாவுக்கே அப்போது இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு கிடையாது, அது 1992-இல்தான் வந்தது. ஆனாலும் அணி போனது. ரஹீம் 1963-இல் புற்றுநோயில் இறந்துவிட்டிருந்தார், ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர் பயிற்சியாளர், கோஸ்வாமி கேப்டன்.

முதல் மேட்ச் மே 27-ஆம் தேதி, கொரியாவோடு. அன்றைக்குத்தான் டெல்லியில் நேரு இறந்தார். அந்த மேட்சில் நாம் 2-0 என்று ஜெயித்தோம், இரண்டு தடவை கோப்பையைத் தூக்கிய அணியை. அடுத்து இஸ்ரேலிடம் 0-2 தோல்வி, அப்புறம் ஹாங்காங்கை 3-1 என்று அடித்தோம். இஸ்ரேலுக்குக் கோப்பை, நமக்கு இரண்டாம் இடம். இந்தர் சிங் இரண்டு கோல் போட்டு, அதிகக் கோல் போட்டவர்கள் வரிசையில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். நான்கு அணியில் இரண்டாவது என்றால் அது ஒரு சாதனையா என்று கேலி பேசுகிறவர்கள் கொரியாவை அடித்ததை மறந்துவிடுகிறார்கள். ஆசியாவின் இரண்டாவது பெரிய அணியாக இருந்தோம் என்று மார்தட்டுகிறவர்களோ ஈரான், பாகிஸ்தான் மாதிரி அணிகள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை என்பதைச் சொல்வதில்லை. கதவு திறந்து கிடந்தது, நம்மிடம் நல்ல அணியும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வெள்ளி.

எனக்கு 1964-ஐவிட அதற்குப் பிந்தைய இருபது வருஷம்தான் உறுத்துகிறது. 1968-இல் தகுதிச் சுற்றிலேயே வெளியே வந்தோம். 1972, 1976, 1980 மூன்று தடவையும் இந்தியா பெயர்கூடக் கொடுக்கவில்லை. தோற்கவில்லை, பெயரே கொடுக்கவில்லை! அந்தக் காலத்தில்தான் மற்றவர்கள் இதைப் பெரிய போட்டியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஈரான் 1968, 1972, 1976 என்று தொடர்ந்து மூன்று தடவை ஜெயித்தது. அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிச் செய்ததில்லை. 1974-இல் இஸ்ரேலைக் கூட்டமைப்பிலிருந்தே ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். இருபது வருஷம் அங்கும் இங்கும் அலைந்துவிட்டு 1994-இல் அது ஐரோப்பியக் கூட்டமைப்பில் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு இஸ்ரேல் யூரோ தகுதிச் சுற்றில் ஆடுவதைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான். இஸ்ரேல் வெளியே போன பிறகு வளைகுடா நாடுகள் முழு பலத்தோடு உள்ளே வந்தன. 1980-இல் குவைத் சொந்த ஊரில் கொரியாவை 3-0 என்று ஜெயித்துக் கோப்பை எடுத்தது. 1984-லும் 1988-லும் சவூதி.

அந்த 1984 போட்டி சிங்கப்பூரில். இருபது வருஷம் கழித்து நாம் திரும்பப் போனோம். ஈரானோடு 0-0, மற்ற மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூடப் போடவில்லை. அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை.

இந்த இடைவெளியில் ஜப்பான் செய்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1992-க்கு முன்னால் ஜப்பான் இந்தக் கோப்பையில் ஒரு பொருட்டே இல்லை. ஹிரோஷிமாவில் நடந்த அந்தப் போட்டியில் முதல் தடவை ஜெயித்தது, மறு வருஷமே ஜே-லீக் என்ற தொழில்முறை லீக் தொடங்கியது. ஊருக்கு ஒரு கிளப், கிளப்புக்கு ஒரு சின்னப் பையன்கள் அணி என்று கீழிருந்து கட்டினார்கள். 2000, 2004, 2011 என்று இன்னும் மூன்று கோப்பை வந்தது. நான்கோடு இன்றைக்கும் ஜப்பான்தான் முதலிடம், சவூதிக்கும் ஈரானுக்கும் மூன்று மூன்று. 2006-இல் ஆஸ்திரேலியாவே ஓசியானியாவிலிருந்து ஆசியாவுக்குக் குடிபெயர்ந்தது. அந்தப் பக்கத் தீவுகளை இருபது, முப்பது கோல் போட்டு அடித்து அவர்களுக்கே சலித்துவிட்டது. ஒன்பது வருஷத்தில், 2015-இல், சிட்னியில் கொரியாவைத் தோற்கடித்துக் கோப்பையையும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கோப்பையிலிருந்து ஒரே ஒரு வருஷத்தை மட்டும் எடுத்துச் சொல் என்றால் நான் 2007-ஐத்தான் சொல்வேன். இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் என்று நான்கு நாட்டில் நடந்தது. ஈராக்கில் போர் உச்சத்தில் இருந்த நேரம், அந்த அணி சொந்த ஊரில் ஒரு மேட்ச்கூட ஆட முடியாது, பயிற்சியாளரான பிரேசில்காரர் ஜோர்வான் வியேரா பொறுப்பேற்று இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அரையிறுதியில் கொரியாவைப் பெனால்டியில் ஜெயித்த அன்று பாக்தாத்தில் கொண்டாடத் தெருவுக்கு வந்த கூட்டத்தில் குண்டு வெடித்து ஐம்பது பேர் அளவில் செத்தார்கள். அணிக்குள் திரும்பிப் போய்விடலாமா என்றே பேச்சு வந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் டிவியில் பேசினார்: கோப்பையோடு வராவிட்டால் அவனைப் புதைக்க மாட்டேன் என்று. ஜூலை 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் ஃபைனல், எதிரில் சவூதி. ஹவார் முல்லா முகமது என்ற குர்து வீரர் கார்னர் அடிக்க, யூனிஸ் மஹ்மூத் தலையால் முட்டி உள்ளே போட்டார். 1-0. ஷியா, சுன்னி, குர்து என்று ஊரே பிளந்து கிடக்கும்போது எல்லாரும் ஒரே சட்டையில் ஆடிய அணி அது. அதனால் போர் நின்றுவிட்டதா என்றால் இல்லை. கேப்டன் மஹ்மூதே ஊருக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்று கொண்டாட்டத்துக்குப் போகவில்லை.

இதற்கு நேர் எதிர்க் கதை கத்தார். பணம் உண்டு, ஆள் கிடையாது. 2004-இல் தோஹாவில் ஆஸ்பயர் அகாடமி என்று ஒன்றைக் கட்டி, பொடிப் பையன்களைப் பொறுக்கி எடுத்து, ஸ்பெயின் பயிற்சியாளர்களைக் கூட்டி வந்து வளர்த்தார்கள். அங்கே பையன்களைப் பழக்கிய ஃபெலிக்ஸ் சான்செஸ்தான் பின்னால் தேசிய அணிக்கும் பயிற்சியாளர் ஆனார். 2019 போட்டி ஐக்கிய அரபு எமிரேட்ஸில். அப்போது அந்த நாடும் சவூதியும் பஹ்ரைனும் கத்தாரோடு உறவை முறித்து எல்லையை அடைத்திருந்த நேரம், கத்தார் ரசிகர்கள் உள்ளே வரவே முடியாது. அரையிறுதியில் போட்டி நடத்துகிற நாட்டையே கத்தார் 4-0 என்று வென்றது, மைதானத்துக்குள் செருப்பும் பாட்டிலும் பறந்தன. ஃபைனலில் ஜப்பானை 3-1. மொத்தப் போட்டியிலும் கத்தார் வாங்கியது அந்த ஒரே கோல்தான், அல்மோயஸ் அலி ஒருவரே ஒன்பது கோல். 2024-இல் சொந்த ஊரில் மறுபடி கோப்பை, ஜோர்டானோடு ஃபைனலில் அக்ரம் அஃபீஃப் மூன்று பெனால்டி போட்டார். எனக்கு அந்த மேட்ச் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெனால்டியிலேயே ஓடிய ஃபைனலை யார் ரசிப்பார்கள்?

2024-இல் நடந்தாலும் அதன் பெயர் 2023 ஆசியக் கோப்பைதான். சீனாவில் நடக்க வேண்டியது, கொரோனா காரணமாக அவர்கள் கைவிட, கத்தாருக்கு வந்தது, வெயிலுக்குப் பயந்து ஜனவரிக்குத் தள்ளினார்கள். பொங்கலோடு ஒட்டிக்கொண்டதும் இப்படித்தான். 2011-இல் கத்தார், 2019-இல் எமிரேட்ஸ், 2024-இல் கத்தார், இனி 2027-இல் சவூதி. வளைகுடாவில் ஜூன், ஜூலையில் மனுஷன் ஓட முடியாது. 2015-இல் ஆஸ்திரேலியாவிலும் ஜனவரியில்தான் வைத்தார்கள். ஐரோப்பிய கிளப்புகளுக்கு இதில் ஏகக் கடுப்பு, சீசன் நடுவில் தங்கள் ஆட்களை ஒரு மாசம் விட வேண்டியிருக்கிறது. நமக்கு அதனால் ஒன்றும் நஷ்டமில்லை, ஜனவரி முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்து சிறுவீட்டுப் பொங்கல் சமயம் வரை மேட்ச் ஓடும். ஊரில் அந்த நேரம் பணகுடி பக்கம் இளவட்டக்கல் தூக்குவார்கள், தெருவுக்குத் தெரு சைக்கிள் ரேஸ், பானை உடைத்தல். டிவியில் இது ஓடுவது யாருக்கும் தெரியாது.

தெரியாமல் இருந்ததே நல்லது என்று சொல்லும்படி ஒரு பொருத்தம் உண்டு. 2011-இல் பொங்கலுக்கு முந்தின நாள் பஹ்ரைனிடம் 2-5 என்று தோற்றோம். 2019-இல் அதே பொங்கலுக்கு முந்தின ராத்திரி, அதே பஹ்ரைன். பனங்கிழங்கும் கரும்பும் வாங்கி வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அது மறக்காது. முதல் மேட்சில் தாய்லாந்தை 4-1 என்று அடித்திருந்தோம், 1964-க்குப் பிறகு இந்தக் கோப்பையில் நம் முதல் வெற்றி. நம் முன்னணி கோல்காரர் சுனில் சேத்ரி இரண்டு, தாபா ஒன்று, ஜேஜே ஒன்று. இதில் தாபாவும் ஜேஜேயும் அப்போது சென்னையின் எஃப்சி ஆட்கள். எமிரேட்ஸிடம் 0-2. கடைசி மேட்ச் டிரா செய்தால் போதும், அடுத்த சுற்று. தொண்ணூறு நிமிஷம் தாக்குப்பிடித்தார்கள். கூடுதல் நேரத்தில் ஒரு பெனால்டி, 0-1, முடிந்தது. பயிற்சியாளர் கான்ஸ்டன்டைன் அங்கேயே ராஜினாமா செய்தார்.

2011-இல் நாம் உள்ளே போன வழியையும் சொல்ல வேண்டும். 2008-இல் இந்தியாவில் நடந்த ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) சேலஞ்ச் கோப்பை, அது வளர்ந்துவரும் நாடுகளுக்கு மட்டும் வைத்த போட்டி, ஜெயித்தால் ஆசியக் கோப்பைக்கு நேரடி இடம். டெல்லியில் நடந்த ஃபைனலில் தஜிகிஸ்தானை 4-1 என்று ஜெயித்தோம், சேத்ரி ஹாட்ரிக். 2024-இல் அந்தத் தஜிகிஸ்தான் முதன்முதலாக ஆசியக் கோப்பைக்கு வந்து, எமிரேட்ஸைச் சாய்த்துக் காலிறுதி வரை போனது. அதே போட்டியில் நாம் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூட இல்லாமல் ஊர் திரும்பினோம். ஆஸ்திரேலியா மேட்சுக்கு 35,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள், அதில் பெரும்பகுதி அங்கே வேலை பார்க்கிற இந்தியர்கள். மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கோப்பை நன்றாகத் தெரியும், இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியாது.

இப்போது தகுதிச் சுற்றுக் கணக்கு. பலரும் குழம்புகிற இடம் இதுதான். 2019 முதல் பிரதான போட்டியில் 24 அணிகள். நான்கு நான்காக ஆறு குழு, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பேர் நேராக அடுத்த சுற்றுக்கு, மூன்றாம் இடத்தில் இருப்பவர்களில் நல்ல நான்கு பேருக்கும் இடம். இந்த 24-க்குள் எப்படி நுழைவது? உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றையும் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றையும் ஒன்றாகவே நடத்துகிறார்கள். உலகக் கோப்பைக்கான இரண்டாம் சுற்றில் ஒன்பது குழு, குழுவுக்கு முதல் இரண்டு பேர் என்று 18 அணிகள் ஆசியக் கோப்பைக்கு நேராகப் போய்விடும். முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர்களுக்கு இரண்டாம் பந்தி மாதிரி, மிச்சம் ஆறு இடத்துக்கு 24 அணிகள் இன்னொரு சுற்று ஆட வேண்டும். அங்கே குழுவில் முதலிடம் வந்தால் மட்டும்தான் இடம், இரண்டாவதுக்கு ஒன்றும் கிடையாது.

நாம் முதல் பந்தியைத் தவறவிட்டது 2024 ஜூனில். குழுவில் கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான். குவைத்தை அவர்கள் ஊரிலேயே ஜெயித்துவிட்டு, கவுஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 தோற்றோம். சேத்ரியின் விடைபெறும் மேட்ச் கொல்கத்தாவில் குவைத்தோடு, 0-0. கடைசியாகத் தோஹாவில் கத்தாரோடு ஆடும்போது 1-0 முன்னிலையில் இருந்தோம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போன பிறகு அதை உள்ளே இழுத்துப் போட்ட கோலை நடுவர் ஒப்புக்கொண்டார். அந்தச் சுற்றில் வீடியோ பரிசோதனை கிடையாது. 1-2 என்று தோற்று மூன்றாம் இடம். அநியாயம்தான், ஆனால் அந்த ஒரு கோலை மட்டும் சொல்லி மூன்று வருஷத்தை மூடிவிட முடியாது. கவுஹாத்தியில் யாரும் நம்மை ஏமாற்றவில்லை.

இரண்டாம் பந்தியில் கிடைத்த குழுவைப் பார்த்து எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்: வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0. ஓய்வு பெற்ற சேத்ரியைத் திரும்பக் கூப்பிட்டு வந்தும் கோல் இல்லை. ஜூனில் ஹாங்காங்கில் கடைசி நிமிஷப் பெனால்டியில் 0-1. அக்டோபரில் சிங்கப்பூரில் 1-1, ஐந்து நாள் கழித்து கோவாவில் நாம் முதல் கோல் போட்டும் சிங்கப்பூரிடம் 1-2. அத்தோடு கதை முடிந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1, அவர்களிடம் இருபது வருஷத்துக்கு மேல் தோற்றதில்லை. இதே காலத்தில், 2025 ஆகஸ்டு, செப்டம்பரில், காலித் ஜமீல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற கையோடு மத்திய ஆசிய நாடுகளின் கோப்பையில் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரில் ஜெயித்து, ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் வந்ததும் இதே அணிதான். அதனால்தான் "நமக்கு வராது" என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கோல் போட ஆள் இல்லை என்பது உண்மை. சேத்ரிக்கு நாற்பது வயதில் போன் போட வேண்டியிருந்ததே அதற்குச் சாட்சி.

இன்னொன்றும் நடந்தது, அதிகம் பேசப்படவில்லை. 2027 போட்டியை நடத்தக் கடைசி வரை களத்தில் இருந்தது இரண்டே நாடுகள்: சவூதியும் இந்தியாவும். நடத்துகிற நாட்டுக்குத் தகுதிச் சுற்றுக் கவலையே இல்லை, இடம் உறுதி. 2022 டிசம்பரில் இந்தியக் கால்பந்து சம்மேளனம் விலகிக்கொண்டது, பெரிய போட்டி நடத்துவதைவிட அடித்தளத்தைக் கட்டுவதுதான் இப்போதைக்கு முக்கியம் என்று காரணம் சொன்னது. காரணம் தப்பில்லை. ஆனால் அடித்தளம் எங்கே என்று கேட்கிற உரிமை அதற்குப் பிறகு நமக்கு வந்துவிடுகிறது.

நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உவரி, இடிந்தகரை, மணப்பாடு என்று கடற்கரை நெடுகப் பையன்கள் மணலில் ஆடுகிறார்கள். காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தின் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பைக்கு வெளி மாநில அணிகளே வரும், ஊரே மைதானத்தில் இருக்கும். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் ஃபுட்பால் அணி. ஆனால் பதினைந்து வயதில் நன்றாக ஆடுகிற ஒரு பையன் அடுத்து எங்கே போவான்? திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ தொழில்முறை கிளப் கிடையாது. சென்னை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பக்கத்திலேயே ஹாக்கியில் என்ன நடந்தது பாருங்கள். கோவில்பட்டியில் அரசு ஹாக்கி விடுதி இருக்கிறது, செயற்கைப் புல்தரை இருக்கிறது. அங்கே பழகிய மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஹாக்கி ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு வந்தார்கள். கோவில்பட்டிப் பையனுக்கும் உவரிப் பையனுக்கும் உடம்பில் வித்தியாசம் கிடையாது. அங்கே ஏணி போட்டு வைத்திருக்கிறார்கள், இங்கே இல்லை. ஆஸ்பயர் அளவுக்கு வேண்டாம், மாவட்டத்துக்கு ஒரு விடுதியும் முழுநேரப் பயிற்சியாளரும் போதும் என்பது என் ஆசை, அதற்கு எண்ணெய்க் கிணறு தேவையில்லை.

பெண்கள் அணியைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டு தடவை இரண்டாம் இடம்: 1980 ஜனவரியில் நம் பக்கத்துக் கோழிக்கோட்டில் நடந்தபோதும், 1983-இல் பாங்காக்கிலும். 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று ஜெயித்து 2026 போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். ஆண்கள் அணி சிங்கப்பூரிடம் தோற்று வெளியே வந்த அதே வருஷம். தமிழ்நாட்டுப் பெண்கள் இந்திய அணியில் தொடர்ந்து இடம் பிடிப்பதற்கு மதுரை சேது எஃப்சி மாதிரி ஒரு கிளப் தெற்கிலேயே இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கிளப் 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது.

2027 பொங்கலுக்கு யாரைப் பார்ப்பது என்று கேட்டால், நான் உஸ்பெகிஸ்தானையும் ஜோர்டானையும் சொல்வேன். இருவரும் 2025 ஜூனில் ஒரே நாளில் முதன்முதலாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றவர்கள். ரியாத், ஜித்தா, அல்கோபர் மூன்று ஊரில் போட்டி, சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால், அதனால் பெரும்பாலும் சாயங்காலமும் ராத்திரியும்தான். நம் குழுவில் முதலிடம் பிடித்து உள்ளே போனது சிங்கப்பூர். அவர்கள் கடைசியாக இந்தக் கோப்பையில் ஆடியது 1984-இல், அதுவும் போட்டியை நடத்தியவர்கள் என்ற கணக்கில்; ஆடித் தகுதி பெற்றது இதுதான் முதல் தடவை. கடையநல்லூரிலும் தென்காசியிலும் சிங்கப்பூரில் தாத்தா காலத்திலிருந்து சொந்தம் உள்ள குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் ஜனவரியில் சத்தம் கேட்கும்.